மினொக்சிடில், பினாஸ்டரைட், ஒரு முடி நடும் கிளினிக்: இருபது மாதங்களின் பின்

திருகோணமலையில் ஓர் இளைஞனுக்கு முடி கொட்டத் தொடங்கினால் முதற்குற்றவாளியாக நிறுத்தப்படுவது கிணற்றுத் தண்ணீர்தான். எங்கள் வீடு உப்புவெளியில் இருப்பதாலும், எங்கள் கிணற்று நீர் நாவில் பட்டாலே கரிக்கும் என்பதாலும், என் வழக்கு விசாரணையின்றியே முடிந்துவிட்டது. "உவர்த் தண்ணியில முழுகினா தலையில மயிர் நிக்குமோ?" என்று அம்மா கேட்டார். மாமி கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்துவரச் சொன்னார். பக்கத்து வீட்டு ஐயா ஹெல்மெட்டைக் குறை சொன்னார். அதே கிணற்றில் பிறந்ததிலிருந்து குளித்தும் இடுப்புவரை கூந்தல் வைத்திருக்கும் என் அக்காவையோ, மண்டபச் சுவரில் மாலையுடன் தொங்கும் படத்தில் நெற்றி எங்கே முடிகிறது என்றே தெரியாத அம்மப்பாவையோ எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

நான் அரச பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன், வயது 26. இருபத்து மூன்றாம் வயதில் நெற்றியின் இரு மூலைகளும் மேலேறத் தொடங்கின. அடுத்த ஆண்டில், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்ற என் உச்சந்தலையைப் பார்த்துப் பத்தாம் தர மாணவன் ஒருவன் "சேர் வட்டத்தைப் பலகையில கீறத் தேவையில்லை" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அதன் பின்னான இருபது மாதங்களில் நகரிலுள்ள தோல் வைத்திய நிபுணர் ஒருவருக்கும், தலையில் பூசும் மினொக்சிடிலுக்கும், விழுங்கும் மாத்திரையான பினாஸ்டரைட்டுக்கும், கொழும்பிலுள்ள முடி நடும் கிளினிக் ஒன்றின் ஆலோசனைக்கும் பணம் கொடுத்திருக்கிறேன். சத்திரசிகிச்சையை இன்னும் செய்துகொள்ளவில்லை. ஏன் செய்துகொள்ளவில்லை என்பதுதான் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி. கிளினிக்கின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. பெயரைவிட அங்கே கேட்க வேண்டிய கேள்விகளே வாசிப்பவருக்குப் பயன்படும்.

கொடுத்த பணத்தில் மிகக் குறைந்ததும், அதிக பயன் தந்ததும் வைத்தியரைச் சனல் செய்த, அதாவது முன்பதிவு செய்து தனியாகச் சந்தித்த, கட்டணமே. மாலை நான்கரை மணிக்கென்று சொல்லப்பட்ட இலக்கத்துக்கு இரவு எட்டரைக்கு அழைப்பு வந்தது என்பதையும், உள்ளே இருந்தது ஏழு நிமிடங்கள் என்பதையும் குறையாகவே பதிவு செய்கிறேன். ஆனால் அந்த ஏழு நிமிடங்களில் அவர் கேட்டவை, அதற்கு முன்னர் எவரும் என்னிடம் கேட்டிராதவை. கடந்த மூன்று நான்கு மாதங்களில் கடுங்காய்ச்சல் வந்ததா, எடை திடீரெனக் குறைந்ததா, வேறு மருந்து எடுக்கிறேனா, முடி தலை முழுவதும் கொட்டுகிறதா அல்லது முன்பக்கமும் உச்சியும் மட்டும் மெலிகின்றனவா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு விளக்குப் பொருத்திய சிறு உருப்பெருக்கியை உச்சந்தலையில் வைத்துப் பார்த்து, தடித்த முடிகளுக்கிடையே நூல்போல மெலிந்த முடிகள் கலந்திருப்பதையும், பிடரியில் அந்தக் கலப்பு இல்லை என்பதையும் சொன்னார். இரத்தத்தில் இரும்புச் சேமிப்பையும் தைரொயிட்டையும் பார்க்க எழுதித் தந்தார். இரண்டும் சரியாகவே இருந்தன.

காய்ச்சலைப் பற்றிய கேள்வியின் பெறுமதி எனக்குப் பின்னர்தான் புரிந்தது. டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்களின் பின் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதுண்டு. பெருந்தொகையான வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போய்விடுவதால் நிகழும் அந்த உதிர்வு, பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாகவே அடங்கி, முடி திரும்பவும் முளைத்துவிடும். எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. அந்த ஆறு மாதமும் அவர் சின்ன வெங்காயச் சாறு பூசி வந்ததால், புகழ் முழுவதும் வெங்காயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊரில் சுற்றித் திரியும் கைவைத்தியங்களில் பாதிக்கு மேற்பட்டவை இப்படித்தான் பெயர் பெற்றிருக்கும் என்பது என் ஊகம்.

எனக்கு வந்திருப்பது அந்த வகையல்ல. பரம்பரை ஆண் வழுக்கை. உடலிலுள்ள டெஸ்டோஸ்டெரோனை 5-அல்பா ரிடக்டேஸ் என்ற நொதியம் டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் என்ற வலிமை கூடிய ஹோர்மோனாக மாற்றுகிறது. சுருக்கமாக டி.எச்.டி. எனப்படும் அந்த ஹோர்மோனுக்குப் பரம்பரையாகக் கூசும் வேர்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது சிறிதாகச் சுருங்கி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்த முடியை மாதக்கணக்கில் மட்டும் வளர்த்து, இறுதியில் பூனைமயிர்போல ஆக்கிவிடுகின்றன. பிடரியிலும் காதோரங்களிலும் உள்ள வேர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. தாய்வழியில் மட்டுமே வரும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. இரு வழியிலும் வரலாம். 1951 இல் ஹமில்டன் வகுத்து 1975 இல் நோர்வூட் திருத்திய ஏழுபடி அளவுகோலில் நான் மூன்றாம் படியில் நிற்பதாக வைத்தியர் எழுதினார். கிணற்றுக்கும் ஹெல்மெட்டுக்கும் அன்றே விடுதலை கிடைத்தது.

மினொக்சிடில் முதலில் உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக இருந்து, உட்கொண்டவர்களின் உடலில் முடி வளர்வதைக் கண்ட பின்னரே பூசும் திரவமாக மாறியது. 1988 இல் அமெரிக்காவில் ஆண் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. ஐந்து வீதத் திரவத்தை ஒரு மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு இருமுறை பூசச் சொன்னார்கள். காகிதத்தில் இது எளிது. வைகாசி வெயிலில், காலை ஆறரைக்குத் திரவத்தைப் பூசிவிட்டு, அது காய்வதற்குள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நிலாவெளி வீதியால் வேலைக்குப் போகிறவனுக்கு எளிதன்று. திரவத்தில் கரைப்பானாகச் சேர்க்கப்படும் புரொப்பிலீன் கிளைக்கோல் வியர்வையுடன் சேர்ந்து தலையைப் பிசுபிசுப்பாக்கி, மூன்றாம் வாரத்தில் அரிப்பையும் பொடுகு போன்ற செதிலையும் கொண்டுவந்தது. அந்தக் கரைப்பான் இல்லாத நுரை வடிவத்துக்கு மாறிய பின் அரிப்பு நின்றது. செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது.

நான்காம் வாரத்தில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. ஓய்வுநிலையிலுள்ள பழைய முடிகளைப் புதியவை தள்ளிவிடுவதால் தொடக்க வாரங்களில் இப்படி நிகழும் என்பதை அந்த ஏழு நிமிடங்களுக்குள் வைத்தியர் சொல்லவில்லை, பாமசியிலும் சொல்லவில்லை. தலையணையைப் பார்த்துப் பயந்து நான் நிறுத்திவிட இருந்தேன். மருந்து வாங்குகிறவரிடம் இதை மட்டுமாவது சொல்லி அனுப்பினால், பாதியில் கைவிடுபவர்களின் தொகை நிச்சயம் குறையும். நான் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு: ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, குளித்து உலர்ந்த தலையுடன், அதே ஜன்னலருகே, அதே நேரத்தில் மூன்று படங்கள் எடுத்து வைத்தேன். நாளாந்தம் கண்ணாடியைப் பார்ப்பவனுக்கு எதுவுமே தெரியாது. முதல் மாதப் படத்தையும் எட்டாம் மாதப் படத்தையும் அருகருகே வைத்தபோதுதான் உச்சியிலிருந்த வட்டம் மங்கியிருப்பது தெரிந்தது. நெற்றி மூலைகளில் மாற்றமில்லை.

இந்த மருந்தின் பெரிய குறை, அதை விட்டுவிட முடியாது என்பதே. நிறுத்தினால் மூன்று நான்கு மாதங்களில் கிடைத்தது போய்விடும். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது என் பெரியப்பாவின் மகன் இதைக் கண்கூடாக அனுபவித்தார். அவரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். இன்னொன்று: வீட்டில் பூனை இருப்பவர்கள் கவனமாக இருங்கள். மினொக்சிடில் பூனைகளுக்கு நஞ்சு; பூசிய தலையை நக்குவதாலும் தலையணையில் படுத்தெழுந்து தன் உடலை நக்குவதாலும் அவை இறந்திருக்கின்றன. எங்கள் வீட்டுப் பூனை என் அறைக்குள் வருவது தடைசெய்யப்பட்டதில் என்னைவிட அம்மாவுக்குத்தான் வருத்தம்.

பினாஸ்டரைட்டைப் பற்றி எழுதுவதற்குக் கூடுதல் பொறுப்பு வேண்டும். டி.எச்.டி. உருவாவதை ஏறத்தாழ 70 வீதம் குறைக்கும் இந்த மாத்திரை, ஐந்து மில்லிகிராம் அளவில் 1992 இல் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், ஒரு மில்லிகிராம் அளவில் 1997 இல் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பயன் உண்மையானது: ஐந்தாண்டு ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இருந்த முடியைக் காத்தோ கூட்டியோ கொண்டார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேர் இழந்தார்கள். அச்சமும் உண்மையானது. பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகள் முதலாண்டு ஆய்வுகளில் 3.8 வீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 வீதத்தினருக்கும் ஏற்பட்டன. நிறுத்திய பின்னும் அவை தொடர்ந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2025 இல் உறுதிப்படுத்தியது. மனச்சோர்வின் வரலாறு தனக்கோ குடும்பத்துக்கோ இருப்பவர் அதை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. திருமணப் பேச்சு நடக்கும் வயதில் இவற்றையெல்லாம் வாய்விட்டுக் கேட்பதற்கு எங்கள் ஊர்ப் பையன்கள் எவ்வளவு கூசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் இதற்காகவே இரண்டாவது முறை சனல் செய்து, கதவைச் சாத்திய பின்னரும் தணிந்த குரலில்தான் கேட்டேன். வைத்தியர் கூசாமல் பதில் சொன்னார். மூன்று மாதம் எடுத்துப் பார்த்து, மனத்திலோ உடலிலோ மாற்றம் தெரிந்தால் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். பதினாறு மாதங்களாக எடுக்கிறேன். எனக்குத் தொல்லை எதுவும் இல்லை. இது என் ஒருவனின் உடம்பு மட்டுமே.

வைத்தியரின் துண்டில்லாமல் தரக்கூடாத இந்த மருந்தை, நகரத்துப் பாமசி ஒன்றில் எதுவும் கேட்காமல் எடுத்து நீட்டினார்கள் என்பது கவலைக்குரியது. ஒரு மில்லிகிராம் மாத்திரை இருப்பில் இல்லாததால், ஐந்து மில்லிகிராமை வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளும்படி யோசனையும் சொன்னார்கள். மலிவுதான். ஆனால் உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண்குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கலாம். அப்போது அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணியாக எங்கள் வீட்டில் இருந்தார். மேசையில் மாத்திரைத் தூள் சிந்தும் வேலையே வேண்டாமென்று, ஒரு மில்லிகிராம் மாத்திரைக்கு ஒரு வாரம் காத்திருந்து வாங்கினேன். இரத்ததானம் செய்பவர்களுக்கும் இதே காரணத்தால் ஒரு செய்தி உண்டு: மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை குருதி கொடுக்கக்கூடாதென்பது பல நாடுகளின் இரத்த வங்கிகளில் உள்ள விதி. ஆண்டுதோறும் முகாமில் குருதி கொடுத்துவந்த நான் இப்போது கொடுப்பதில்லை.

இனிக் கிளினிக். மினொக்சிடில் தொடங்கி மூன்றாம் மாதத்தில், பொறுமையிழந்து, இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். இடம் சுத்தம், வரவேற்பு இனிமை, தேநீர்கூடத் தந்தார்கள். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் நாற்பது நிமிடம் என்னுடன் கதைத்தார். நான் அவரை "டொக்டர்" என்று அழைத்தபோது அவர் திருத்தவில்லை. வெளியே வரும்போதுதான் அவர் ஆலோசகர் என்று பெயரட்டையில் கண்டேன். அவர் பேனாவால் என் நெற்றியில் ஒரு கோடு வரைந்தார். பதினாறு வயதில் தேசிய அடையாள அட்டைக்குப் படம் பிடித்தபோது எனக்கிருந்த கோடு அது. கண்ணாடியில் பார்த்தபோது உண்மையில் மனம் கரைந்துவிட்டது. மூவாயிரம் கிராப்ட் வேண்டும் என்றார். விலை என் ஒன்பது மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் கூட. அன்றே முற்பணம் கட்டினால் பத்து வீதம் கழிவு. சத்திரசிகிச்சைக்கு முற்பணக் கழிவு கொடுக்கும் இடத்தில் எழுந்து வருவது நல்லது என்று இப்போது சொல்வேன். அன்று எழுந்து வந்ததற்குக் காரணம் கைவசம் பணம் இல்லாததுதான்.

ரயிலில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். கிராப்ட் என்பது ஒரு முடியல்ல. ஒன்று முதல் நான்கு முடிகள் சேர்ந்து முளைக்கும் இயற்கையான ஒரு கொத்து. அதனால் "ஐயாயிரம் முடி" என்று விளம்பரம் செய்பவரும் "இரண்டாயிரத்து ஐந்நூறு கிராப்ட்" என்று சொல்பவரும் ஒரே சரக்கையே விற்கக்கூடும். நடுவதால் புதிதாக முடி உண்டாவதில்லை. பிடரியில் உள்ளது முன்னால் இடம்மாறுகிறது. பிடரி வேர் எங்கே நட்டாலும் தன் குணத்தை விடாது என்பதை நியூயோர்க்கில் நோர்மன் ஓரென்ட்ரைக் 1950களில் செய்துகாட்டி 1959 இல் வெளியிட்டார். இன்று தோலைப் பட்டையாக வெட்டி எடுப்பதும், எப்.யூ.ஈ. முறையில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த குழாய்க் கத்தியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பதும் அதே தத்துவத்தின் மேல்தான் நிற்கின்றன. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. பிடரி வெறுமையாகத் தெரியாமல் ஒருவர் வாழ்நாள் முழுவதும் எடுக்கக்கூடியது, ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், ஏறத்தாழ ஆறாயிரம் கிராப்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அந்தப் பேனாக் கோட்டுக்கும் இருக்கும் முடிக்கும் இடைப்பட்ட அறுபது சதுர சென்ரிமீற்றரில், சதுர சென்ரிமீற்றருக்கு ஐம்பது வீதம் நட்டால், என் வாழ்நாள் இருப்பில் சரிபாதி இருபத்து நான்கு வயதிலேயே செலவாகிவிடும். அம்மப்பாவைப் போல எனக்கும் ஆறாம் படிவரை போனால், பின்னால் இன்னும் நூற்றைம்பது சதுர சென்ரிமீற்றர் வெளியாகும். மிகுதி மூவாயிரத்தை அதில் பரப்பினால் சதுர சென்ரிமீற்றருக்கு இருபதுதான் வரும். இயற்கையில் இருப்பது அறுபது முதல் எண்பது வரை. ஒன்பதாம் தர மாணவனும் செய்யக்கூடிய இந்தக் கணக்கை நாற்பது நிமிடத்தில் அந்த ஆலோசகர் ஒருமுறைகூடக் காட்டவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. சத்திரசிகிச்சை அந்தப் போக்கைத் தடுப்பதுமில்லை. நடாத பழைய முடி தன்பாட்டில் விழுந்துகொண்டே இருக்கும்.

பெரியப்பாவின் மகனுக்கு நடந்தது அதுதான். இருபத்திரண்டு வயதில், இந்திய நகரமொன்றில், நெற்றியைத் தாழ்வாக வைத்து நட்டுக்கொண்டார். முதல் மூன்று ஆண்டுகள் கல்யாண வீடுகளில் எல்லோரும் அவர் தலையைத்தான் பார்த்தார்கள். பிறகு 2022 இல் மினொக்சிடில் கிடைக்காமலும் கிடைத்தபோது விலைக்கு ஈடுகொடுக்க முடியாமலும் விட்டுவிட்டார். பினாஸ்டரைட் அவர் எடுத்ததே இல்லை. முன்வரிசை அப்படியே நிற்க, அதன் பின்னால் முடி ஒதுங்கிப்போனது. "நிலாவெளிக் கரையில நிண்டு புறாத்தீவைப் பாக்கிற மாதிரி இருக்கு, தம்பி" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மொட்டையடித்துவிடலாம் என்றால், பிடரியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தழும்புகள் தெரிகின்றன. தழும்பே இல்லாத முறை என்று எப்.யூ.ஈ.யை விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

நியாயத்துக்காக இதையும் எழுத வேண்டும்: கிளினிக்கில் கால அட்டவணையை ஒளிக்கவில்லை. நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுப்பயன் தெரிய ஒரு வருடமாகும் என்று நேராகவே சொன்னார்கள். வெயிலையும் கடற்குளிப்பையும் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும் என்றார்கள். ஹெல்மெட்டைப் பற்றி நானே கேட்டேன். ஆனால் முடியை எடுப்பதும் அதை நடுவதற்குத் துளையிடுவதும் யார் என்று கேட்டபோது "எங்கட டீம்" என்ற பதிலே கிடைத்தது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டலில், பயிற்சி பெற்ற வைத்தியரே இதைச் செய்ய வேண்டும் என்றும், பட்டறைக்குப் போனதும் காணொளி பார்த்ததும் பயிற்சியாகா என்றும் எழுத நேர்ந்தது எதனால் என்று யோசித்துப் பாருங்கள். ஆறேழு மணிநேரம் விறைப்பு ஊசியின் கீழ் படுத்திருக்கும் வேலை இது. ஊசி மருந்தின் அளவு தவறினால் இதயமும் தவறும். இங்கே வைத்தியரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பெயரையே சொல்லாத இடத்தில் எதைத் தேடுவது?

கிளினிக் சேர்த்து விற்க முயன்ற பி.ஆர்.பி. ஊசியை, அதாவது நம் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்துத் தலையில் ஏற்றுவதை, ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராததால் நான் வாங்கவில்லை. முகநூலில் விற்று கூரியரில் வரும் பெயரில்லாப் போத்தல்களை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். அம்மா காய்ச்சும் செவ்வரத்தை, கரிசலாங்கண்ணி எண்ணெயை வெள்ளிக்கிழமைகளில் வைத்துக்கொள்கிறேன். தலை குளிர்கிறது, வறட்சி போகிறது, அம்மாவும் சமாதானமாகிறார். வேர் சுருங்குவதை அது நிறுத்தும் என்று நான் நம்பவில்லை.

வைத்தியரிடம் கடைசியாகப் போனபோது, இன்னும் இரண்டு ஆண்டுகள் படங்களில் மாற்றமில்லாமல் நின்றால், அப்போது நெற்றி மூலைகளுக்கு மட்டும், வயதுக்கேற்ற உயரமான கோட்டில், ஆயிரத்து இருநூறு கிராப்ட் அளவில் யோசிக்கலாம் என்றார். அதுவரை மூன்றாம் இலக்க மெஷினில் ஒட்ட வெட்டிக்கொள்கிறேன். பிரதான வீதிச் சலூன்காரர் நெற்றிக்கும் பக்கங்களுக்கும் வேறுபாடு தெரியாமல் வெட்டப் பழகிவிட்டார். கிளினிக்கிலிருந்து மாதம் ஒருமுறை வட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. தைப்பொங்கலுக்குப் பதினைந்து வீதக் கழிவு என்று வந்த செய்திக்கு, துளையிடுபவரின் பெயரையும் பதிவிலக்கத்தையும் அனுப்பும்படி பதில் எழுதினேன். இரண்டு நீலக் கோடுகள் உடனேயே விழுந்தன. பதில் இன்னும் வரவில்லை.